மார்பக ரேடியேஷனுக்குப் பிறகு நுரையீரல் அழற்சி: யாருக்கு வர வாய்ப்பு அதிகம், முன்கூட்டியே என்ன கேட்பது, இருமல் வந்தால் என்ன செய்வது

ரேடியேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். தோல் கறுத்தது ஆறிவிட்டது, சோர்வும் குறைந்துவிட்டது, அப்பாடா என்று மூச்சு விடும் நேரத்தில் ஒரு வறட்டு இருமல் ஆரம்பிக்கும். சளி இருக்காது, மூக்கடைப்பு இருக்காது. பக்கத்தில் உள்ள டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதித் தருவார், அது முடிந்ததும் இன்னொன்று, அதற்குள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கும். அந்த டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் கடைசி சிட்டிங் முடிந்த அன்றே ரேடியேஷன் முடிந்துவிட்டது என்றுதான் நோயாளியும் நினைக்கிறார், அதனால் அதைப் பற்றிச் சொல்வதே இல்லை. நுரையீரல் மட்டும் மறப்பதில்லை.

இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ரேடியேஷன் நிமோனைட்டிஸ். நிமோனியா வேறு, இது வேறு. அது கிருமியால் வருவது, இது கதிர் பட்ட நுரையீரல் திசு வீங்கிச் சிவந்து எதிர்வினை காட்டுவது. மார்பகப் புற்றுநோய்க்கான ரேடியேஷனில் இது அபூர்வமான தொல்லைதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு அபூர்வம் கிடையாது. சிலருக்கு ஆயிரத்தில் சிலர் என்ற கணக்கு, சிலருக்கு நூற்றில் சிலர் என்ற கணக்கு. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே கணிக்க முடியும்.

படி 1: கதிர் எந்தெந்த இடத்துக்குப் போகிறது என்று கேளுங்கள்

எல்லா ஆபத்துக் காரணிகளிலும் பெரியது இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பின்னால். எவ்வளவு நுரையீரல் கதிருக்குள் சிக்குகிறது என்பதைப் பொறுத்தே மீதிக் கதை.

மார்பகத்துக்கு மட்டும் கொடுக்கும்போது கதிர் பக்கவாட்டிலிருந்து சாய்வாக வரும். விலா எலும்புக்குப் பின்னால் நுரையீரலின் முன்விளிம்பு ஒரு மெல்லிய கீற்றாக மட்டும் அதில் மாட்டும். அக்குளில் நிணநீர் முடிச்சுகள் பாதிக்கப்பட்டிருந்தால் காரை எலும்பின் மேல்பகுதிக்கும் கொடுப்பார்கள், அப்போது நுரையீரலின் உச்சிப் பகுதி உள்ளே வந்துவிடும். மார்பெலும்பை ஒட்டி உள்ளே இருக்கும் முடிச்சுகளையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் நுரையீரல் போகும். இரண்டு மார்பகத்துக்கும் கொடுத்தால் இரண்டு நுரையீரலும் பங்கு வாங்கும்.

இதை எண்ணாகப் பார்க்க ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. கனடாவை மையமாகக் கொண்டு 1,832 பெண்களிடம் நடந்த எம்ஏ.20 ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. மார்பகத்துக்கு மட்டும் ரேடியேஷன் பெற்றவர்களில் மருந்து தேவைப்படும் அளவுக்கோ அதற்கு மேலோ நிமோனைட்டிஸ் வந்தது 0.2 சதவீதம் பேருக்கு, முடிச்சுகளுக்கும் சேர்த்துப் பெற்றவர்களில் 1.2 சதவீதம் பேருக்கு. ஆறு மடங்கு என்று சொன்னால் பயமாக இருக்கும், நூற்றில் ஒருவர் என்று சொன்னால் அவ்வளவு பயம் வராது. இரண்டும் ஒரே விஷயம்தான், அதனால் யாராவது மடங்குக் கணக்கு சொன்னால் உடனே "நூறு பேரில் எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேளுங்கள். அதே ஆண்டு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெரிய ஆய்வில், உள்மார்பு முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கொடுத்தவர்களில் நுரையீரலில் தழும்பு பதிந்தது 4.4 சதவீதம் பேருக்கு, கொடுக்காதவர்களில் 1.7 சதவீதம் பேருக்கு.

இதைப் படித்துவிட்டு ரேடியேஷனே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. மார்பகத்தை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் ரேடியேஷன் இல்லாவிட்டால் 10 ஆண்டுகளில் நோய் மறுபடி தலைகாட்டியது 35 சதவீதம் பேருக்கு, ரேடியேஷன் பெற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கு. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2011இல் வெளியான கணக்கு இது. தராசின் இரண்டு தட்டையும் பார்க்க வேண்டும்.

படி 2: பிளானில் உள்ள எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

பிளானிங் சிடி, அதாவது கதிர் கொடுக்கும் திட்டத்தை வகுக்க முன்கூட்டியே எடுக்கும் சிடி ஸ்கேன், எடுத்த பிறகு எந்த உறுப்புக்கு எவ்வளவு கதிர் போகிறது என்ற கணக்கு கணினியில் வந்துவிடும். அதைக் கேட்பது உங்கள் உரிமை, கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள். கேட்க வேண்டியது வி20. அதாவது 20 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் கதிர் வாங்கும் நுரையீரல் பகுதி எத்தனை சதவீதம். கூடவே நுரையீரலுக்குப் போகும் சராசரி அளவையும் கேட்டுக்கொள்ளலாம்.

மார்பகத்துக்கு மட்டும் என்றால் அந்தப் பக்க நுரையீரலின் வி20 பெரும்பாலும் 15 முதல் 20 சதவீதத்துக்குள் நிற்கும். முடிச்சுகளும் சேர்ந்தால் 30ஐத் தாண்டாமல் பார்ப்பார்கள், சிலருடைய உடலமைப்பில் 35 வரை ஒப்புக்கொள்வார்கள். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும்: இந்தச் சதவீதம் ஒரு பக்க நுரையீரலுக்கா, இரண்டும் சேர்ந்தா? நுரையீரல் புற்றுநோய் சிகிச்சை பற்றிய கட்டுரைகளில் வரும் எண்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தவை. அதை இதோடு ஒப்பிட்டால் தேவையில்லாத பயமோ, தேவையில்லாத நிம்மதியோதான் மிஞ்சும். இன்னொன்று, குறைந்த நாட்களில் முடிக்கும் திட்டத்தில் ஒவ்வொரு நாளும் கொடுக்கும் அளவு கூடுதல் என்பதால் 20க்குப் பதிலாக 17 கிரே போன்ற சற்றுக் குறைந்த அளவில் கணக்குப் பார்க்கும் மையங்களும் உண்டு.

நாட்களைக் குறைப்பதால் நுரையீரலுக்கு ஆபத்து கூடுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 25 நாளில் 50 கிரே என்பது பழைய முறை. 15 நாளில் 40 கிரே கொடுக்கும் முறையைப் பெரிய ஆய்வுகளில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள், நுரையீரல் தொல்லை அதனால் கூடவில்லை. எத்தனை நாள் என்பதைவிட எவ்வளவு நுரையீரல் உள்ளே மாட்டுகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படுவதுதான் பயனுள்ள கவலை.

எண் கொஞ்சம் அதிகமாக இருந்தால் குறைக்க வழி உண்டா என்று அடுத்ததாகக் கேளுங்கள். மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு கதிர் வாங்கும் முறை இடப்பக்க நோயாளிகளுக்கு இதயத்தைக் காப்பதற்காக வந்தது, ஆனால் நுரையீரல் விரிந்துவிடுவதால் கதிருக்குள் மாட்டும் பங்கும் பலருக்குக் குறைகிறது. குப்புறப் படுத்து வாங்கும் முறையில் மார்பகம் விலாவிலிருந்து விலகித் தொங்குவதால் நுரையீரலுக்கு மிகக் குறைவாகவே போகும், என்ன, முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கொடுக்க அது அவ்வளவு வசதிப்படாது. விமேட் போன்ற சுற்றிச் சுழன்று கொடுக்கும் நவீன முறைகள் அதிக அளவு கதிரை ஒரே இடத்தில் குவியாமல் பார்த்துக்கொள்ளும், பதிலுக்குக் குறைந்த அளவு கதிரை இரண்டு நுரையீரலிலும் பரவலாகத் தூவிவிடும். நவீனம் என்றாலே எல்லாருக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 3: மருந்துப் பட்டியலை ரேடியேஷன் டாக்டர் முன் வையுங்கள்

கீமோ கொடுப்பவர் ஒருவர், ரேடியேஷன் கொடுப்பவர் இன்னொருவர், சர்க்கரைக்குப் பார்ப்பவர் மூன்றாமவர். மூன்று பேரும் பேசிக்கொள்வார்கள் என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து முக்கியமானது. 2001இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் பாக்லிடாக்சலும் ரேடியேஷனும் பெற்ற 41 பேரில் 14.6 சதவீதம் பேருக்கு நிமோனைட்டிஸ் வந்தது, வேறு கீமோ பெற்றவர்களுக்கு 1.1 சதவீதம். சிறிய எண்ணிக்கை, பழைய கால பிளானிங், அதனால் இன்று அதே விகிதத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அதில் கிடைத்த பாடம் நிலைத்துவிட்டது: இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுக்காமல், கீமோ முடிந்து சில வாரம் இடைவெளி விட்டு ரேடியேஷன் தொடங்குவதுதான் வழக்கம். உங்களுக்கு அந்த இடைவெளி எத்தனை வாரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெர்2 என்ற புரதம் அதிகம் உள்ள வகை மார்பகப் புற்றுநோய் இருப்பவர்களுக்கு, அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து பொதுவாக ரேடியேஷனோடு சேர்த்தே தொடரும், அதில் நுரையீரலுக்குப் பெரிய சிக்கல் இல்லை. டி-டிஎம்1, அதாவது டிராஸ்டுசுமாபோடு ஒரு கீமோ மருந்தை இணைத்த ஊசி, ரேடியேஷனோடு சேர்த்துக் கொடுக்கப்படுவதுண்டு. இந்த இரண்டையும் ஒப்பிட்ட கேத்தரின் என்ற ஆய்வில் ரேடியேஷன் நிமோனைட்டிஸ் டி-டிஎம்1 பெற்றவர்களில் 1.5 சதவீதம், டிராஸ்டுசுமாப் பெற்றவர்களில் 0.7 சதவீதம். டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகன், அதாவது என்ஹெர்ட்டு, வேறு ரகம். ரேடியேஷனே இல்லாமலும் அது தனியாக நுரையீரல் அழற்சியைக் கொண்டுவரும், முற்றிய நோய்க்கான ஆய்வுகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது நடந்தது. சிடியில் புதிய நிழல் தெரிந்தால் இருமலே இல்லாவிட்டாலும் இந்த மருந்தை நிறுத்திவைப்பார்கள். அதனால் ரேடியேஷனுக்குப் பிறகு இது தொடங்கப் போகிறது என்றால், தொடங்கும் முன் ஒரு சிடி கையில் இருக்கட்டும். பழைய ரேடியேஷன் நிழலையும் மருந்தின் புதிய நிழலையும் பிரித்துப் பார்க்க அது இல்லாமல் முடியாது.

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் அபெமாசிக்லிப், எவரோலிமஸ், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகளும் நுரையீரலைத் தொடக்கூடியவை. தமாக்சிஃபன் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை பற்றிப் பழைய ஆய்வுகளில் தழும்பு கூடுவதாக ஒரு சந்தேகம் எழுந்தது, பின்னால் வந்தவை ஒரே குரலில் பேசவில்லை. சில டாக்டர்கள் ரேடியேஷன் முடிந்த பிறகு தொடங்குவார்கள், சிலர் சேர்த்தே தருவார்கள். இருமல் வந்ததும் நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், அது மட்டும் கண்டிப்பு.

படி 4: உங்கள் நுரையீரலின் பழைய கதையை மறைக்காமல் சொல்லுங்கள்

ஏற்கெனவே இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ் எனப்படும் தழும்பு நோய் இருந்தால் அதுதான் இந்தப் பட்டியலில் மிகவும் கவனிக்க வேண்டியது. சிலருக்கு அது இருப்பதே தெரியாது, பிளானிங் சிடியில்தான் முதலில் கண்ணில் படும். ஸ்க்ளிரோடெர்மா (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய்), லூபஸ், முடக்குவாதம் போன்ற, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்கள் இருந்தாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இதில் ஸ்க்ளிரோடெர்மா இருப்பவருக்கு ரேடியேஷன் வேண்டுமா என்பதையே மறுபடி யோசிப்பார்கள். சிஓபிடி எனப்படும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய், பழைய காசநோய்த் தழும்பு, எப்போதோ வேறு புற்றுநோய்க்காக மார்பில் வாங்கிய ரேடியேஷன் எல்லாமே சொல்ல வேண்டியவை. காரணம் எளிது, ஏற்கெனவே கையிருப்பு குறைந்த நுரையீரலுக்குச் சின்ன இழப்பும் பெரிதாகத் தெரியும். வயது கூடக் கூட ஆபத்து சற்று ஏறுவதாகவும் பல ஆய்வுகள் சொல்கின்றன.

புகைபிடித்தல் ஒரு விசித்திரம். புகைபிடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு ரேடியேஷன் நிமோனைட்டிஸ் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகளில், அதிலும் நுரையீரல் புற்றுநோய்க்கான ரேடியேஷனில், பார்த்திருக்கிறார்கள். புகை நுரையீரலின் அழற்சி எதிர்வினையை மழுங்கடிப்பது காரணமாக இருக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தாயா, சிகரெட் நல்லது" என்று கிளம்பிவிடாதீர்கள். 2017இல் வெளியான ஒரு பெரிய கணக்கின்படி, மார்பக ரேடியேஷனால் பிற்காலத்தில் நுரையீரல் புற்றுநோய் வந்து இறக்கும் வாய்ப்பு புகைபிடிக்காதவருக்கு ஏறத்தாழ 0.3 சதவீதம், விடாமல் நீண்ட காலம் புகைப்பவருக்கு ஏறத்தாழ 4 சதவீதம். இந்த வழிகாட்டியில் நீங்களே மாற்றக்கூடிய ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ரேடியேஷன் தொடங்கும் நாளுக்குள் விட முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அதற்குப் பிறகாவது விடுங்கள்.

படி 5: காலண்டரில் இரண்டு கோடு போடுங்கள்

கடைசி சிட்டிங் தேதியை எழுதுங்கள். அங்கிருந்து 4 வாரத்தில் ஒரு கோடு, 6 மாதத்தில் இன்னொரு கோடு. நிமோனைட்டிஸ் பெரும்பாலும் இந்த இரண்டு கோட்டுக்குள் வரும், அதிலும் முதல் மூன்று மாதத்தில் அதிகம். கதிர் பட்ட அன்று நுரையீரலில் எதுவும் தெரியாது. காற்றுப் பைகளின் உள்பூச்சைத் தயாரிக்கும் செல்களும் மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரும் மெதுவாகப் பழுதாகி, உடல் அங்கே பாதுகாப்புச் செல்களை அனுப்பி, திரவம் கசிந்து, பிறகுதான் இருமல். இந்தத் தாமதம்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு அழற்சி தணிந்து அந்த இடத்தில் தழும்பு கட்ட ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு ஆண்டில் அது அப்படியே நிலைத்துவிடும்.

இந்தக் காலத்தில் கவனிக்க வேண்டியவை வறட்டு இருமல், வழக்கமான வேலைக்கே மூச்சு வாங்குவது, விட்டு விட்டு வரும் லேசான காய்ச்சல், மார்பில் ஒரு இறுக்கம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் உட்கார்ந்து ஒரு முறை, ஆறு நிமிடம் நடந்துவிட்டு ஒரு முறை பாருங்கள். உட்கார்ந்தபோது 97 காட்டி நடந்த பிறகு 92க்கு இறங்கினால், உட்கார்ந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்திருப்போம். 4 புள்ளி அல்லது அதற்கு மேல் விழுந்தால் அன்றே போன் செய்யுங்கள். நகப்பூச்சு இருந்தால் எண் தப்பாகக் காட்டும்.

படி 6: இருமல் வந்துவிட்டது, இப்போது என்ன?

முதலில் அவசரம் எது என்று பிரித்துவிடுவோம். திடீரென்று மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, இருமலில் ரத்தம், உதடு நீலம் பாய்வது, இதில் எது இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி அடைக்கும் ஆபத்து உண்டு, அது மெதுவாக வராது. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றாலும் அதே விதிதான்.

அவசரம் இல்லை என்றால் ரேடியேஷன் கொடுத்த மையத்தை அழையுங்கள். வேறு டாக்டரைப் பார்க்க நேர்ந்தால் உட்கார்ந்ததும் இப்படிச் சொல்லுங்கள்: "எனக்கு வலது மார்பகத்துக்கும் காரை எலும்புப் பகுதிக்கும் ரேடியேஷன் முடிந்து ஒன்பது வாரம் ஆகிறது, அதற்கு முன் பாக்லிடாக்சல் வாங்கினேன், பத்து நாளாக வறட்டு இருமல்." இந்த ஒரு வாக்கியத்தில் பக்கம், இடம், தேதி, மருந்து நான்கும் இருக்கின்றன. "கொஞ்ச நாளாக இருமல் டாக்டர்" என்று ஆரம்பித்தால் முடிவு வேறு மாதிரி போகும்.

இதைக் காட்டிக்கொடுக்கும் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. கிருமித் தொற்று, ரத்தக் கட்டி, இதயப் பலவீனம், மருந்தின் விளைவு, நோய் பரவியிருப்பது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் இதற்கு வந்து சேர்வார்கள். சிடி ஸ்கேன் நிறைய உதவும். நிமோனியா நுரையீரலின் மடல்களின் எல்லையை மதித்துப் பரவும், ரேடியேஷன் அழற்சி அந்த எல்லைகளைக் கண்டுகொள்ளாமல் கதிர் போன பாதையில் நேர்கோட்டு விளிம்போடு நிற்கும். அதனால் உங்கள் பிளானை சிடியோடு பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விதிவிலக்கும் உண்டு: மார்பக ரேடியேஷனுக்குப் பிறகு சிலருக்குக் கதிர் படாத இடத்திலும், மறுபக்க நுரையீரலிலும் கூட, இடம் மாறி மாறி நிழல்கள் வரும். ஆர்கனைசிங் நிமோனியா என்று அதற்குப் பெயர், அதுவும் ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் நிறுத்தினால் திரும்பி வரும் பழக்கம் அதற்கு உண்டு.

அப்புறம், சிடியில் நிழல் தெரிந்தாலே நோய் என்று பதற வேண்டாம். எந்தத் தொல்லையும் இல்லாமல் நிழல் மட்டும் தெரிபவர்கள் தொல்லை உள்ளவர்களைவிட நிறையப் பேர். அவர்களுக்குக் கண்காணிப்பு மட்டும் போதும்.

படி 7: ஸ்டீராய்டு தொடங்கினால்

அறிகுறி தொல்லை தரும் அளவுக்கு இருந்தால் பிரெட்னிசலோன் தருவார்கள். எடையைப் பொறுத்து அளவு, பொதுவாக ஒரு கிலோவுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் வரை. சில நாட்களிலேயே பெரிய மாற்றம் தெரியும், அங்கேதான் ஆபத்து. நன்றாகிவிட்டதே என்று இரண்டாவது வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டால் இருமல் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம், உடலின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பும் தூங்கிப் போயிருக்கும். பல வாரங்களில் படிப்படியாகத்தான் இறக்குவார்கள். எந்தத் தேதியில் எத்தனை மில்லிகிராம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தையில் விட வேண்டாம்.

தொடங்கும் முன் சர்க்கரை, பழைய காசநோய், ஹெபடைட்டிஸ் பி மூன்றையும் பற்றிப் பேசிவிடுங்கள், மூன்றுமே ஸ்டீராய்டில் தலைதூக்கக் கூடியவை. காலையில் சாப்பிட்டவுடன் போட்டால் வயிற்றுக்கும் இரவுத் தூக்கத்துக்கும் நல்லது. தினமும் 20 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஒரு மாதமோ அதற்கு மேலோ போகும் என்றால் ஒரு வகை நிமோனியாவைத் தடுக்கும் மாத்திரையும் வேண்டுமா என்று கேளுங்கள். கிருமி இல்லாத இடத்தில் ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது, ஆனால் தொற்றுச் சந்தேகம் இருந்தால் ஆரம்பத்தில் இரண்டையும் சேர்த்துத் தருவதுண்டு, அதில் தப்பில்லை.

பெரும்பாலானவர்களுக்கு இது முழுதாக அடங்கிவிடும். சிலருக்கு நுரையீரலின் முன்பகுதியிலோ உச்சியிலோ சின்னத் தழும்பு தங்கும், அது மூச்சைத் தொந்தரவு செய்யாது. தொந்தரவு செய்வது இன்னொன்று: நான்கு வருடம் கழித்து வேறு எதற்கோ எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் "வலது மேல் மடலில் ஃபைப்ரோசிஸ்", அதாவது தழும்பு, என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் அன்று இரவு தூங்க மாட்டார்கள். ரேடியேஷன் முடிந்ததும் மையம் தரும் சிகிச்சைச் சுருக்கத்தையும், இருமல் வந்தபோது எடுத்த சிடி படத்தையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். புதிய ஸ்கேனைப் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் அந்தப் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இது பழைய தழும்பா புதியதா என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்.